நீ வந்தது சந்தோஷம்: ஸ்பானிய சப்ஜங்க்டிவுக்குத் தமிழ்ப் பக்கமிருந்து ஒரு வழி

சிங்கப்பூரில் ஸ்பானிய மொழி படிக்கும் தமிழர்கள் அநேகமாக எல்லாரும் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறார்கள். கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் மூன்றாம் மொழியாக எடுத்த உயர்நிலைப் பள்ளி மாணவர் ஆகட்டும், வேலை முடிந்து மாலை வகுப்புக்கு ஓடுகிறவர் ஆகட்டும், விளக்கம் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. பல பாடங்களுக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஆனால் சந்தோஷம், வருத்தம், எரிச்சல், ஆச்சரியம் சொல்லும் வினைகளுக்குப் பின்னால் வரும் சப்ஜங்க்டிவ் என்ற வினை வடிவத்துக்கு ஆங்கிலம் கொஞ்சமும் உதவாது. வீட்டில் பேசும் தமிழ் உதவும். அதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை என்பதால் இந்தப் பதிவு.

முதலில் எழுத்தைப் பற்றி இரண்டு வரி. ஸ்பானியச் சொற்களை லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். வ என்று எழுதிய இடத்தில் இரண்டு உதடும் தொட்டும் தொடாமலும் வரும் ஒலி. ‘தே’ என்றால் உன்னை. ‘தெ’ என்று குறிலாக எழுதியிருப்பது ‘இன், இலிருந்து’ என்ற பொருளுள்ள இடைச்சொல். ஸ்பானிய எழுத்துக்கூட்டலுக்கு உங்கள் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது இது: சந்தேகமானது, கற்பனையானது, இன்னும் நடக்காதது என்றால் சப்ஜங்க்டிவ், உண்மையில் நடப்பது என்றால் இண்டிகேட்டிவ் (செய்தி சொல்லும் சாதாரண வினை வடிவம்). இந்த விளக்கத்தை நம்பிப் போகிறவர் உணர்ச்சி வினைகளுக்கு வந்ததும் முட்டிக்கொள்வார். தோழி பரீட்சையில் பாஸாகிவிட்டாள். மதிப்பெண் தாள் கையில் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அப்படியும் ஸ்பானியர் சொல்வது:

மே அலேக்ரா கே ஆயாஸ் அப்ரொபாதோ.
(நீ பாஸானது எனக்குச் சந்தோஷம்.)

‘ஆயாஸ்’ என்பது சப்ஜங்க்டிவ். நடந்து முடிந்த, கண்ணால் பார்த்த விஷயத்துக்கு ஏன் அது? ஏனென்றால் இங்கே நாம் செய்தி சொல்லவில்லை. அவள் பாஸானது அவளுக்கே தெரியும். நாம் புதிதாகச் சொல்வது நம் சந்தோஷத்தை மட்டும். பாஸானது என்ற விஷயம் இருவருக்கும் தெரிந்ததாக ஏற்கெனவே மேசைமேல் கிடக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி ஓர் உணர்ச்சியைச் சொல்கிறோம். ‘இதோ ஒரு செய்தி’ என்று அறிவிக்கும்போது ஸ்பானியம் இண்டிகேட்டிவ் போடுகிறது. அறிவிக்காமல் சுட்டும்போது சப்ஜங்க்டிவ் போடுகிறது. உண்மையா பொய்யா என்பது இங்கே கேள்வியே இல்லை.

இந்த வேறுபாட்டை ஆங்கிலம் காட்டாது. அதில் அறிவிப்புக்கும் சுட்டலுக்கும் ஒரே இணைப்புச் சொல்தான், உள்ளே வரும் வினையும் மாறாது. தமிழிலோ வாக்கியத்தின் உருவமே மாறிவிடும்.

நீ வருகிறாய் என்று நினைக்கிறேன்.
நீ வருவது எனக்குச் சந்தோஷம்.

முதல் வாக்கியத்தில் ‘வருகிறாய்’ முழு வினைமுற்று. தனியாக நிறுத்தினாலும் ஒரு செய்தியாக நிற்கும். ‘என்று’ அதைப் பெரிய வாக்கியத்தோடு ஒட்டுகிறது. இரண்டாவதில் ‘வருவது’ என்று வினையைப் பெயராக்கிவிட்டோம். ‘நீ வருவது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் எதிரில் இருப்பவர் ‘சரி, அதற்கென்ன?’ என்று கேட்பார். அது செய்தி இல்லை. ஸ்பானியத்தில் இவை இரண்டும்:

க்ரேயோ கே வியெனெஸ். (இண்டிகேட்டிவ்)
மே அலேக்ரா கே வெங்காஸ். (சப்ஜங்க்டிவ்)

ஆகவே ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுப் பட்டியலில் தேடுவதை விடுங்கள். தமிழில் எப்படி வாயில் வருகிறது என்று பாருங்கள். ‘வந்தது, வருவது, செய்தது, செய்வது’ என்று வந்து, அதன்மேல் ஓர் உணர்ச்சி ஏறி உட்கார்ந்தால் ஸ்பானியத்தில் சப்ஜங்க்டிவ்.

இதைவிட நெருக்கமான ஒற்றுமை ஒன்று உண்டு. பின்வரும் வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள்:

நீ போவது எனக்கு வருத்தம் தருகிறது.
மே தா பேனா கே தே வாயாஸ்.

‘மே’ என்பது எனக்கு. ‘தா’ என்பது தருகிறது. ‘பேனா’ என்பது வருத்தம் (எழுதுகிற பேனா அல்ல). ‘கே தே வாயாஸ்’ என்பது நீ போவது, அதில் ‘கே’ இணைப்புச் சொல். ஒவ்வொரு துண்டும் தமிழோடு பொருந்துகிறது. வரிசை மட்டும் வேறு. தமிழில் முதலில் வரும் ‘நீ போவது’ ஸ்பானியத்தில் கடைசியில் வரும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ‘நான் வருந்துகிறேன்’ என்று ‘நான்’ போட்டு ஆரம்பித்து, அந்த ‘நான்’ ஏன் ‘எனக்கு’ ஆயிற்று என்று குழம்புவார். நமக்குப் பிடிக்கும், வேண்டும், தெரியும், வலிக்கும் என எல்லாவற்றுக்கும் ‘எனக்கு’தான். அதனால் குஸ்தா (பிடிக்கும்), என்காந்தா (மிகவும் பிடிக்கும்), மொலெஸ்தா (எரிச்சல் தரும்), ஸோர்ப்ரெந்தே (ஆச்சரியம் தரும்), ப்ரெயோகூபா (கவலை தரும்), தா மியெதோ (பயம் தரும்), தா ராபியா (கோபம் தரும்) போன்ற முழுக் குடும்பமும் நமக்குச் சொந்த ஊர் மாதிரி. அலட்சியம்கூட இதே வகைதான்: மே தா இக்வால் கே யுவேவா, மழை பெய்வது எனக்கு ஒன்றும் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் ‘அம்மாவுக்கு’ என்று ஒரு தரம் சொன்னால் போதும். ஸ்பானியத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டும்: ஆளின் பெயரோடு ‘அ’, வினைக்கு முன்னால் ‘லே’.

அ மி மாத்ரே லே ப்ரெயோகூபா கே யோ கோமா ஃபுவேரா.
(நான் வெளியே சாப்பிடுவது அம்மாவுக்குக் கவலை.)

‘லே’யை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. இதே வாக்கியத்தில் ‘யோ’ இருப்பதும் காரணத்தோடுதான். ‘கோமா’ என்பது நானுக்கும் அவளுக்கும் ஒரே வடிவம். ‘யோ’ இல்லாவிட்டால் அம்மாவே வெளியே சாப்பிடுவதாக அர்த்தமாகிவிடலாம்.

இன்னொன்று ஒருமை, பன்மை. உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசையைச் ‘சோப்’ பண்ணுவது (இடம் பிடித்து வைப்பது) நம்மில் சிலருக்குப் பிடிக்காது. அதைச் சொல்ல:

மே மொலெஸ்தா கே ரெஸெர்வென் மேஸாஸ் கோன் பஞுவேலோஸ்.

சோப் பண்ணுகிறவர்கள் பலர், மேசைகளும் பல. இருந்தாலும் ‘மொலெஸ்தா’ ஒருமை. எரிச்சல் தருவது ஆட்களோ மேசைகளோ அல்ல, ‘அவர்கள் அப்படிச் செய்வது’ என்கிற ஒரே விஷயம். ‘மொலெஸ்தான்’ என்று பன்மையாக்கினால் தப்பு. தமிழிலும் ‘செய்வது எரிச்சல் தருகிறது’ என்றுதானே சொல்கிறோம்!

எதிர்மறையானாலும் இது மாறாது. ‘க்ரேயோ கே’ எதிர்மறையானால் சப்ஜங்க்டிவுக்குத் தாவும்: நோ க்ரேயோ கே வெங்கா. உணர்ச்சி வினைக்கு அந்தத் தாவல் கிடையாது, அது எப்போதும் சப்ஜங்க்டிவில்தான் நிற்கும். நோ மே ஸோர்ப்ரெந்தே கே யுவேவா தாந்தோ என் தியெஸியெம்ப்ரே: டிசம்பரில் இவ்வளவு மழை பெய்வது எனக்கு ஆச்சரியமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலம் தெரிந்த யாரும் சொல்லக்கூடிய வாக்கியம். ஆச்சரியம் உண்டு என்றாலும் இல்லை என்றாலும் மழை பெய்வது மேசைமேல்தான் இருக்கிறது.

தமிழ்ச் சோதனை எங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று இடங்கள்.

‘நீ வருவது எனக்குத் தெரியும்’ என்பதில் ‘வருவது’ இருக்கிறது. ஸ்பானியத்தில் அது ஸே கே வியெனெஸ், இண்டிகேட்டிவ். தெரியும், பார்த்தேன், கேள்விப்பட்டேன், ஞாபகம் இருக்கிறது எல்லாம் தகவல் வினைகள். மேலே ஏறி உட்கார்ந்திருப்பது உணர்ச்சியா தகவலா என்று பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

நம்பிக்கை எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். ‘நீ வருவாய் என்று நம்புகிறேன்’ என்பதில் ‘என்று’ இருக்கிறது. ஸ்பானியத்தில் எஸ்பேரோ கே வெங்காஸ், சப்ஜங்க்டிவ். பயமும் அப்படியே. ‘ரயிலைத் தவற விட்டுவிடுவானோ என்று பயம்’ என்போம். அங்கே தா மியெதோ கே பியேர்தா எல் த்ரென். இரண்டிலும் விஷயம் இன்னும் நடக்கவில்லை, அதை அறிவிக்க முடியாது. எஸ்பேரோ (நம்புகிறேன்), தேமோ (பயப்படுகிறேன்) இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள். இங்கே தமிழை நம்ப வேண்டாம்.

மூன்றாவது இடம்தான் தமிழர்கள் அதிகம் வழுக்கும் இடம் என்பேன். ‘நீ இங்கே இருப்பது எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு இங்கே இருப்பது பிடிக்கும்’ என்று இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘இருப்பது’. ஸ்பானியம் இரண்டையும் பிரித்துவிடும்:

மே குஸ்தா கே எஸ்தேஸ் ஆகி.
மே குஸ்தா எஸ்தார் ஆகி.

உணர்ச்சி யாருக்கோ அவரே உள்வினையையும் செய்தால் ‘கே’ கிடையாது, சப்ஜங்க்டிவ் கிடையாது, வெறும் இன்ஃபினிட்டிவ் (ஆளும் காலமும் காட்டாத மூல வடிவம்). ‘மே குஸ்தா கே யோ எஸ்தே ஆகி’ என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். ‘நான் பாஸாவேன் என்று நம்புகிறேன்’ என்பதும் எஸ்பேரோ அப்ரொபார்தான். தோழிக்காக நம்பினால் எஸ்பேரோ கே அப்ருவேபெஸ். வாக்கியத்தை எழுதியதும் ‘யாருக்கு உணர்ச்சி, யார் செய்கிறார்’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் ஒரே ஆள் என்றால் ‘கே’யை அடித்துவிடுங்கள். தினமும் உதவும் வாக்கியம் ஒன்று: ரயில் கோளாறால் வகுப்புக்குப் பிந்தி வந்தால் ஸியெந்தோ யெகார் தார்தே. வருந்துகிறவரும் தாமதித்தவரும் ஒருவரே. நேற்றைய தாமதத்துக்கு இன்று மன்னிப்புக் கேட்டால் ஸியெந்தோ ஆபெர் யெகாதோ தார்தே.

வடிவங்களைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். நிகழ்கால ‘நான்’ வடிவத்தை எடுங்கள்: வெங்கோ. கடைசி ஓவை வெட்டுங்கள்: வெங். ஆர் வினைகளுக்கு ஏ, ஏர் மற்றும் ஈர் வினைகளுக்கு ஆ சேருங்கள்: வெங்கா, வெங்காஸ், வெங்கா, வெங்காமோஸ், வெங்கான். (ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லாரும்’ என்பதற்கு வெங்காயிஸ், நம் சமையலறை நினைவுக்கு வந்தால் வரட்டும், மறக்காது.) ‘நான்’ வடிவத்திலிருந்து ஆரம்பிப்பதன் லாபம், ஒழுங்கில்லாத வினைகள் தாமாகவே சரியாக வந்துவிடும்: தெங்கோ தெங்கா, ஆகோ ஆகா, திகோ திகா, கொனொஸ்கோ கொனொஸ்கா. இந்த வழியில் அகப்படாதவை 6: ஸேர், எஸ்தார், ஈர், தார், ஸபேர், ஆபெர். இவற்றின் ‘நான்’ வடிவங்கள் ஸோய், எஸ்தோய், வோய், தோய், ஸே, ஏ. ஒன்றிலும் வெட்டுவதற்குக் கடைசியில் ஓ இல்லை, அதனால்தான் அகப்படவில்லை. அவற்றின் சப்ஜங்க்டிவ் ஸேயா, எஸ்தே, வாயா, தே, ஸேபா, ஆயா. எழுதும்போது யெகார் போன்ற வினைகளில் க ஒலியைக் காப்பாற்ற ஒரு யு சேர்க்க வேண்டியிருக்கும். வாயால் சொல்லும்போது அது தெரியாது, தாளில் மதிப்பெண் குறையும்.

இலக்கணக் காலம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. இங்கேயும் தமிழ் துணைக்கு வரும், ஏனென்றால் ‘வருவது’, ‘வந்தது’ என்று பெயராக்கினாலும் காலம் உள்ளேயே ஒட்டியிருக்கும்.

உணர்ச்சி இப்போது, விஷயமும் இப்போதோ இனிமேலோ என்றால் ‘வருவது’: மே அலேக்ரா கே வெங்காஸ். நாளைக்கு வருவதற்கும் இதே வடிவம். ஸ்பானியத்தில் எதிர்கால சப்ஜங்க்டிவ் என்று ஒன்று முன்பு இருந்தது. இப்போது சட்ட ஆவணங்களிலும் பழமொழிகளிலும்தான் தென்படுகிறது. அதைத் தேடாதீர்கள். உணர்ச்சி இப்போது, விஷயம் முடிந்துவிட்டது என்றால் ‘வந்தது’: மே அலேக்ரா கே ஆயாஸ் வெனீதோ.

உணர்ச்சியே நேற்றையது என்றால், ‘நீ வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது’: மே அலெக்ரோ கே வினியேராஸ். இந்த வடிவத்துக்கு இறந்தகாலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை எடுத்து (வினியேரோன்), கடைசி ரோனை வெட்டி, ரா சேர்க்க வேண்டும். வினியேஸேஸ் என்று ஸே வரும் இரட்டை வடிவமும் உண்டு. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், எழுதுவதற்கு ரா ஒன்றே போதும்.

இங்கே ஒரு பொறி. ‘மே அலேக்ரோ’வும் ‘மே அலெக்ரோ’வும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். அழுத்தம் நடுவில் விழுந்தால் ‘நான் சந்தோஷப்படுகிறேன்’. கடைசியில் விழுந்தால் ‘அது எனக்குச் சந்தோஷம் தந்தது’. முன்னதற்கு வெங்காஸ், பின்னதற்கு வினியேராஸ். அழுத்தக்குறியை மறந்தால் வாக்கியத்தின் காலமே கலைந்துபோகும்.

அடிக்கடி சிவப்பு மை வாங்கும் இன்னொரு வாக்கியம் ‘நீ வந்தால் நன்றாக இருக்கும்’. தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘ஆல்’ வருவதால் கை தானாக ‘ஸி’யைப் போடும். ஸ்பானியத்தில் இங்கே ‘ஸி’ வேண்டாம்: மே குஸ்தாரியா கே வினியேராஸ். குஸ்தாரியா வந்தால் அடுத்தது ரா வடிவம் என்று இரண்டையும் சேர்த்தே மனத்தில் பதிய வையுங்கள். ஆண்டீஸ் பக்கத்து நாடுகளின் பேச்சில் ‘மே குஸ்தாரியா கே வெங்காஸ்’ என்றும் காதில் விழும். தேர்வுத் தாளில் அதை எழுத வேண்டாம்.

‘தெ’ போடுவதா வேண்டாமா என்பதற்கு விடை எளிது. ‘எனக்கு’ என்ற அமைப்பில் ‘தெ’ கிடையாது: மே அலேக்ரா கே. ‘நான்’ என்ற அமைப்பில், எஸ்பேரோ, தேமோ, ஸியெந்தோ போன்றவை நீங்கலாக, இவற்றுக்கு ‘தெ’ உண்டு: மே அலேக்ரோ தெ கே, எஸ்தோய் கொந்தெந்தோ தெ கே, தெங்கோ மியெதோ தெ கே. சந்தேகம் வந்தால் கேள்வியாக்கிப் பாருங்கள். ‘தெ கே தே அலேக்ராஸ்?’ என்று கேட்கிறோம், ஆகவே பதிலிலும் ‘தெ’. பேச்சில் பலர் அதை விழுங்குவார்கள், எழுத்தில் விழுங்கக் கூடாது.

இனி ஒரே வினை இரண்டு முகம் காட்டும் இடங்கள். ஸியெந்தோ கே தே வாயாஸ் என்றால் நீ போவது எனக்கு வருத்தம். ஸியெந்தோ கே தே வாஸ் என்றால் நீ போகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது உணர்ச்சி, இரண்டாவது அறிவிப்பு. தமிழ்ச் சோதனை இங்கே துல்லியமாக வேலை செய்வதைப் பாருங்கள்: ஒன்றில் ‘போவது’, மற்றதில் ‘என்று’. தேமோவுக்கும் இப்படி ஓர் இரட்டை உண்டு. ‘மே’ சேர்த்து மே தேமோ கே நோ ஆய் எந்த்ராதாஸ் என்றால் பயம் ஒன்றுமில்லை. டிக்கெட் இல்லை என்பதைப் பதமாகச் சொல்கிறார் கவுண்டரில் இருப்பவர். அது செய்தி, அதனால் இண்டிகேட்டிவ்.

காரணத்தையோ வழக்கமாக நடக்கும் நேரத்தையோ சொல்லும் இணைப்புச் சொற்கள் வந்தால் சப்ஜங்க்டிவ் விலகிவிடும். எஸ்தோய் கொந்தெந்தோ போர்கே வியெனெஸ்: நீ வருவதால் சந்தோஷம். மே மொலெஸ்தா குவாந்தோ யேகாஸ் தார்தே: நீ பிந்தி வரும்போது எரிச்சல். ‘வருவது’ ‘வருவதால்’ ஆகும்போது ‘கே’ ‘போர்கே’ ஆகிறது, வினையும் கூடவே மாறுகிறது. வேகமாகப் பேசும்போது அந்த ‘ஆல்’ஐ விழுங்கிவிடுவோம், அங்கே ஜாக்கிரதை.

மேனோஸ் மால் கே என்ற தொடரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நல்லவேளை’ என்று அர்த்தம். நிம்மதி என்பது உணர்ச்சிதானே என்று சப்ஜங்க்டிவ் போடத் தோன்றும். ஆனால் மேனோஸ் மால் கே ஆஸ் வெனீதோ, இண்டிகேட்டிவ். ‘நல்லவேளை, நீ வந்துவிட்டாய்’ என்று தமிழிலும் முழு வினைமுற்றுத்தானே வருகிறது! ‘நல்லவேளை நீ வந்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

நம் மரியாதைப் பழக்கம் கெடுக்கும் இடம் ஒன்று. ஆசிரியரைப் பார்த்து ‘நீங்கள் வந்தது சந்தோஷம்’ என்போம். தமிழில் ‘நீங்கள்’ பன்மை உருவம், ஒருவருக்கும் பலருக்கும் பொது. அதே நினைப்பில் ‘ஆயான்’ என்று பன்மையாக எழுதினால் ஆசிரியர் ஒருவர் பலராகிவிடுவார். மரியாதைக்குரிய ஒருவருக்கு உஸ்தெத், வினை ‘அவர்’ வடிவத்தில் ஒருமை: மே அலேக்ரா கே ஆயா வெனீதோ. பலர் என்றால்தான் உஸ்தேதெஸ், ஆயான். பி1 எனும் இடைநிலைத் தேர்வின் எழுத்துப் பகுதியில் கடிதமோ மின்னஞ்சலோ எழுதச் சொல்வார்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று முதல் வரியிலேயே முடிவு செய்துகொண்டு, ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்பதைக் கடைசி வரை மாற்றாமல் இருங்கள்.

இங்கே வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர்களோடு பழகுகிறவர்கள் வேறொன்றைக் கவனித்திருப்பார்கள். அவர்கள் ‘கே புவேனோ கே வினிஸ்தே’ என்று சர்வசாதாரணமாக இண்டிகேட்டிவில் சொல்வார்கள்: நல்லதாப் போச்சு, நீ வந்துட்டே. அது பிழையில்லை, லத்தீன் அமெரிக்கப் பேச்சில் வேரூன்றிய வழக்கு. ஸ்பெயின்காரர் அதே இடத்தில் ‘கே பியென் கே ஆயாஸ் வெனீதோ’ என்பார். காதால் கேட்டால் இரண்டையும் புரிந்துகொள்ளுங்கள். எழுதும்போதும் தேர்விலும் சப்ஜங்க்டிவையே பிடித்துக்கொள்ளுங்கள். அதை எந்த நாட்டு ஆசிரியரும் அடிக்க மாட்டார். எரிச்சலுக்கு மட்டும் ஊர் பார்த்துச் சொல் மாறும்: ஸ்பெயினில் மே என்ஃபாதா கே, கடல் தாண்டினால் மே எனோஹா கே. எக்ஸ்த்ராஞா என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். மே எக்ஸ்த்ராஞா கே நோ யாமே என்றால் அவன் கூப்பிடாதது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. தே எக்ஸ்த்ராஞோ என்றால் லத்தீன் அமெரிக்காவில் ‘நீ இல்லாமல் ஏங்குகிறேன்’. அலுவலக மின்னஞ்சலில் இரண்டும் இடம் மாறினால் விளக்கம் சொல்ல நேரம் பிடிக்கும்.